கடலோரக் கிணறு உவர்ப்பது கடல் உயர்வதாலா, நன்னீர் குறைவதாலா?

#1 அலைவாய்

வணக்கம் நண்பர்களே. கடலோர நன்னீர் பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் ஒரு கணக்கு கூடவே வருகிறது: "கடல்மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் நிலத்தடியில் 40 மீட்டர் நன்னீர் போய்விடும்." உவர்ந்துபோன ஒவ்வொரு கிணற்றுக்கும் கடல் உயர்வே காரணம் என்று இதை வைத்தே முடித்துவிடுகிறார்கள்.

1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது என்கிறது ஐபிசிசி-யின் (ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழு) ஆறாவது மதிப்பீட்டறிக்கை. மேற்படி கணக்குப்படி பார்த்தால் உலகின் எல்லாக் கடற்கரைகளிலும் 8 மீட்டர் நன்னீர் இந்நேரம் காணாமல் போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. கணக்கில் எங்கே பிசகு? அடுத்து, ஒரு கிணற்றில் உப்பு ஏறினால் எதை முதலில் அளப்பது, எதைக் கடைசியில் செய்வது? எண்ணோடு சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.

#2 மணற்படுகை

40 என்ற எண் சரிதான். அதைப் பொருத்துகிற இடம் தவறு.

கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீரின் அடர்த்தி 1.000. வேறுபாடு 0.025. ஒன்றை 0.025 ஆல் வகுத்தால் 40. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பதே கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபனும் 1901இல் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டது இது. இரண்டு மட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் இந்த விதி பேசுகிறது. கடல் 20 செ.மீ. உயரும்போது நிலத்தடி நீர்மட்டமும் 20 செ.மீ. உயர்ந்துவிட்டால் இடைவெளி மாறாது, நன்னீரின் ஆழமும் பெரிதாக மாறாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த இடத்தில் நீர்மட்டம் உயர வழி இருக்கிறதா என்பதுதான். தரை மேடாக இருந்து, மழைநீர் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தால் உயரும். தாழ்நிலமாக இருந்து வடிகால் வாய்க்காலோ, கால்வாயோ, ஓயாத பம்புகளோ நீர்மட்டத்தை ஒரே உயரத்தில் பிடித்து வைத்திருந்தால் உயராது. அங்கே கடல் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முழுசாக இடைவெளியைத் தின்னும். நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் வெர்னரும் சிம்மன்ஸும் 2009இல் இந்த இரண்டு நிலைகளையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். கடல் 1.5 மீட்டர் உயர்ந்தால், முதல் வகை நிலத்தில் உவர்நீர் உள்ளே நகர்வது அதிகபட்சம் 50 மீட்டர் அளவில். இரண்டாம் வகையில் நூற்றுக்கணக்கான மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நிலத்துக்கு அடியில் உள்ளே நீளும் உவர்நீர் நாக்கின் நீளத்தை எளிய சூத்திரத்தால் மதிப்பிடலாம். படுகையின் (நிலத்தடி நீர் தங்கி ஓடும் அடுக்கின்) நீர்கடத்து திறன் நாளுக்கு 10 மீட்டர், கடல்மட்டத்துக்குக் கீழே படுகையின் தடிமன் 30 மீட்டர், கடலை நோக்கி ஓடும் நன்னீர் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நாளுக்கு 0.5 கன மீட்டர் என்று வையுங்கள். நீர்கடத்து திறன் × தடிமனின் வர்க்கம் × 0.025. இதை ஓட்டத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 225 மீட்டர் வரும்.

இப்போது கடலை 30 செ.மீ. உயர்த்துங்கள். தடிமன் 30.3 ஆகிறது; நாக்கு சுமார் 230 மீட்டர். ஐந்து மீட்டர்தான் நீண்டது. கடலை உயர்த்தாமல் நன்னீர் ஓட்டத்தை மட்டும் பாதியாக்குங்கள்: 450 மீட்டர். கடலை நோக்கிப் போகும் நன்னீரை "வீணாகப் போகும் தண்ணீர்" என்று சொல்லும் பழக்கத்தை விட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த ஓட்டம்தான் உப்பை வெளியே பிடித்து நிறுத்துகிறது.

#3 அலைவாய்

அப்படியானால் பருவநிலை மாற்றத்தின் பங்கு சிறியது, இறைப்புதான் முழுக் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#4 மழைமானி

கூடாது. மணற்படுகை போட்ட கணக்கில் அந்த 0.5 எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து ஆவியாவதும் தரைமேல் வழிந்தோடுவதும் போக மண்ணுக்குள் இறங்குவதுதான் அது. பருவநிலை கை வைப்பது அங்கேதான்.

வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். உலகச் சராசரி மழையோ டிகிரிக்கு 1 முதல் 3 விழுக்காடுதான் கூடும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டின் விளைவு: பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, இடைப்பட்ட வறண்ட நாட்கள் நீள்கின்றன.

மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கும்? ஈரம் ஏறியபின் மணல் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல், மணல் கலந்த வண்டல் 20–30, வண்டல் 10–20, களிமண் 1–5 மி.மீ. வண்டல் நிலத்தில் 60 மி.மீ. மழை ஆறு மணி நேரத்தில் பெய்தால் பெரும்பகுதி உள்ளே போகும். அதே 60 மி.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினால் முக்கால் பங்கு வழிந்தோடிவிடும். மழைமானியில் ஆண்டுக் கூட்டுத்தொகை மாறாது. கிணற்றில் மட்டும் மாறும்.

இதோடு வெப்பம் கூடுவதால் பயிரும் மண்ணும் இழக்கும் நீர் கூடுகிறது. வறண்ட நாட்கள் நீள்வதால் பம்பு ஓடும் நாட்களும் நீள்கின்றன. உள்ளே வருவது குறையும் அதே மாதத்தில் வெளியே எடுப்பது ஏறுகிறது. இறைப்பையும் பருவநிலையையும் இரண்டு தனித்தனிக் காரணங்களாக நிறுத்திப் பட்டிமன்றம் நடத்துவதில் பொருளில்லை. ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது.

#5 வறள்நிலம்

மழைமானி சொன்னதில் ஒரு திருத்தம். "கொட்டும் மழை நிலத்தடிக்குப் பயனில்லை" என்பது எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. வறண்ட பகுதிகளில் தூறலும் சிறு மழையும் மேல்மண்ணை நனைத்து அப்படியே ஆவியாகிவிடும். பெருமழைதான் ஓடைகளை ஓடவிட்டு, ஓடையின் மணல் வழியாக ஆழத்துக்கு இறங்கும். டான்சானியாவின் மகுதாபோராவில் 1955 முதல் 2010 வரையான கிணற்று நீர்மட்டப் பதிவு இதைத் தெளிவாகக் காட்டியது. பல ஆண்டுகள் சரிவு, பிறகு அசாதாரணமான ஒரு மழைப்பருவத்தில் பெரும் ஏற்றம். ஆகவே உங்கள் நிலம் எந்த வகை என்று தெரியாமல் செறிவூட்டல் (நிலத்தடிக்கு நீர் இறங்கிச் சேர்வது) குறைந்துவிட்டது என்றோ கூடிவிட்டது என்றோ சொல்லக் கூடாது. நீர்மட்டப் பதிவையும் நாள்வாரி மழையையும் ஒரே தாளில் வரைந்தால், எந்த அளவு மழைக்குப் பிறகு மட்டம் எழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

#6 மழைமானி

ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது தரை முழுக்கப் பரவலாக நீர் இறங்கும் நிலத்துக்கு. ஓடைவழி இறங்கும் நிலத்தில் கணக்கு வேறு.

#7 கழிமுகன்

கிணற்றை மட்டும் பேசினால் பாதிதான் ஆகும். ஆற்று முகத்துவாரத்திலும் இதே போட்டி தரைக்கு மேலே நடக்கிறது. ஆற்றில் வரத்து குறைந்தால் கடல்நீர் மேலேறும். கனமானது என்பதால் அடியில் நாக்கு நீட்டி வரும். மேலே நன்னீர் ஓடிக்கொண்டே இருக்கும். மேல்மட்டத்தில் வாளியால் மொண்டு அளந்து "நல்ல தண்ணீர்தான்" என்று முடிவு செய்துவிட்டு, அடியில் வாய் வைத்திருக்கும் குழாயால் உப்பை உறிஞ்சுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் படுகை கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வரத்து நொடிக்கு சுமார் 8,500 கன மீட்டருக்குக் கீழே போனால் உவர்நீர் அடிவழியே மேலேறத் தொடங்கும். 2023இல் அப்படி ஏறியபோது ஆற்றடியில் மண்ணால் ஒரு குறுக்குத் திட்டு எழுப்பினார்கள். மேலே கப்பல் போகும், அடியில் உப்பு நிற்கும். அதே உத்தியை 1988இலும் கையாண்டிருக்கிறார்கள். ஆனால் உப்பு திட்டின் மேலே வழியத் தொடங்கியதும் 2023 திட்டை மேலும் உயர்த்த வேண்டி வந்தது. அது நேரம் வாங்கித் தரும் ஏற்பாடு. உப்பைக் கழுவித் தள்ளுவது வரத்து மட்டுமே.

வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் உப்பு வெகுதூரம் உள்ளே போனது. வறட்சி ஒரு காரணம். மேலே உள்ள அணைகள் வண்டலைப் பிடித்துக்கொள்வதும், ஆற்றுமணல் அள்ளி ஆற்றை ஆழமாக்கியதும் வேறு காரணங்கள். ஆழமான வாய்க்கால் அதிக ஓத நீரை (கடல் நாள்தோறும் ஏறி இறங்கும்போது வரும் நீரை) உள்ளே விடும். பழி முழுவதையும் கடல்மட்டத்தின் மேல் போட்டுவிட்டால் மணல் அள்ளுபவர்கள் தப்பிவிடுகிறார்கள். இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

நீரெடுப்பு நிலையங்களுக்கு நடைமுறையில் செய்யக் கூடியவை: எடுப்பு வாயை மிதவையில் கட்டி மேலடுக்கிலிருந்து எடுக்கலாம். எடுப்பு வாய்க்குக் கீழே, கடல் பக்கமாக, இரண்டு ஆழங்களில் மின்கடத்துமானி வைக்கலாம் (நீரில் உப்பு ஏற ஏற அதன் மின்கடத்து திறனும் ஏறும்). உப்பு வாசலுக்கு வரும் முன்பே அது சொல்லிவிடும். நீர் நன்றாகக் கலந்த கழிமுகத்தில் உப்பு உச்சமாக இருப்பது ஏற்ற ஓதம் முடிந்து நீரோட்டம் நிற்கும் நேரத்தில். எனவே வற்ற ஓதத்தின் கடைசியில் எடுத்துத் தொட்டியில் சேமிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு ஓதச் சுழற்சியைத் தாங்கும் கொள்ளளவு தேவை, அதாவது பன்னிரண்டரை மணி நேர விநியோகம். அடுக்காகப் பிரிந்து நிற்கும் கழிமுகங்களில் கதை மாறும். அங்கே ஓதம் தணிந்த எட்டாம்பிறையை ஒட்டிய நாட்களில்தான் அடிநீர் மேலே அதிகம் நகரும், ஏனென்றால் கலக்கிவிட ஓட்டம் இல்லை.

#8 வேதிக்குடுவை

அலைவாய் கேட்ட அளவை முறைக்கு வருகிறேன். முதலில் இது கடல் உப்புதானா என்று உறுதி செய்ய வேண்டும். கழிவுநீர், பாசனநீர் ஆவியாகித் தங்கும் உப்பு, பழங்காலத்தில் களிமண்ணில் சிக்கிய உப்பு எல்லாமே மின்கடத்து திறனை ஏற்றும்.

மாதிரி எடுக்கும் முன் கிணற்றுக்குழாயில் தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். 150 மி.மீ. குழாயில் 20 மீட்டர் நீர் நின்றால் கொள்ளளவு சுமார் 350 லிட்டர். மூன்று மடங்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் இறைத்துவிட்டு, மானியின் எண் நிலைத்த பிறகே புட்டியை நிரப்ப வேண்டும். எவ்வளவு நேரம் இறைத்தபின் எடுத்தது என்பதையும் குறியுங்கள். உப்பு கீழிருந்து எழும் கிணற்றில் தொடக்கத்தில் எடுத்த மாதிரியும் இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியும் வேறு வேறு கதை சொல்லும். அந்த வேறுபாடே ஒரு தகவல்.

மானியை 1,413 மைக்ரோசீமன்ஸ் தரக் கரைசலில் சரிபாருங்கள். உவர்நீர் என்றால் 12,880 கரைசலிலும். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் கடத்து திறன் சுமார் 2 விழுக்காடு மாறும் என்பதால், 25 டிகிரிக்குத் திருத்தும் வசதி இல்லாத மானியின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

குளோரைடு (கடல் உப்பின் முக்கியப் பகுதி) அளக்க: வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தல், பொட்டாசியம் குரோமேட் நிறங்காட்டி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,400 மி.கி. குளோரைடு. ஆகவே கிணற்றில் 1 விழுக்காடு கடல்நீர் கலந்தாலே சுமார் 194 மி.கி. கூடிவிடும். நம் நாக்கு உப்புச்சுவையை உணரத் தொடங்குவது 250 மி.கி. அளவில். 5 விழுக்காடு கலந்தால் ஆயிரத்தை நெருங்கும், குடிக்க முடியாது. கிணற்றைக் கெடுக்க இவ்வளவு கொஞ்சம் போதும் என்பதை ஊராட்சிகளும் நீர்வாரியங்களும் மனதில் இருத்த வேண்டும்.

அடுத்து சோடியத்தை 23 ஆலும் குளோரைடை 35.5 ஆலும் வகுத்து விகிதம் பாருங்கள். கடல்நீரில் 0.86. உவர்நீர் புதிதாக நுழையும் படுகையில் களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடும், விகிதம் 0.86க்குக் கீழே இறங்கும், கடினத்தன்மை ஏறும். சோப்பு நுரைக்கவில்லை என்ற புகார், தண்ணீர் கரிக்கிறது என்ற புகாருக்கு முன்பே வருவது இதனால்தான். மாறாக, உவர்ந்த படுகையை நன்னீர் மீட்டுக்கொண்டிருந்தால் களிமண் சோடியத்தைத் திருப்பி விடும், விகிதம் 0.86ஐத் தாண்டும். ஒரே குளோரைடு அளவுள்ள இரண்டு கிணறுகளில் ஒன்று கெட்டுக்கொண்டும் மற்றது தேறிக்கொண்டும் இருக்கலாம். விகிதம் பார்த்தால்தான் தெரியும்.

குளோரைடு–புரோமைடு எடை விகிதம் கடல்நீரில் 290 அளவில். கழிவுநீர் கலந்தால் இது பெரும்பாலும் அதற்கு மேலே போகும், ஏனென்றால் சாப்பாட்டு உப்பில் புரோமைடு மிகக் குறைவு. நைட்ரேட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கடலைத் தேடுவதை விட்டுக் கழிவுநீர்த் தொட்டியைத் தேடுங்கள்.

#9 ஊற்று

கையடக்க டிடிஎஸ் (நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருள்) மானி 650 காட்டுகிறது. அதே மாதிரிக்கு இன்னொரு மானி 910 காட்டுகிறது. எது பழுது?

#10 வேதிக்குடுவை

இரண்டுமே பழுதில்லாமல் இருக்கலாம் நண்பரே. மானி உண்மையில் அளப்பது கடத்து திறனை. அதை ஒரு காரணியால் பெருக்கித்தான் டிடிஎஸ் காட்டுகிறது. 1,300 மைக்ரோசீமன்ஸை 0.5 ஆல் பெருக்கினால் 650, 0.7 ஆல் பெருக்கினால் 910. கடத்து திறனையே பதிவேட்டில் எழுதுங்கள், இந்தக் குழப்பம் வராது.

#11 மணற்படுகை

கடல் உப்பு என்று உறுதியானபின், அது பக்கவாட்டில் வருகிறதா, கீழிருந்து எழுகிறதா என்று பிரிக்க வேண்டும். பம்பை நிறுத்தி ஒரு வாரத்தில் மின்கடத்து திறன் கணிசமாக இறங்கினால் கீழிருந்து எழும் உவர்க்கூம்பு (பம்பின் இழுப்பில் கூம்பாக மேலெழும் உவர்நீர்) என்று சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் வந்த உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

கூம்பு எவ்வளவு எழும் என்பதற்கும் கணக்கு உண்டு. கிணற்றடிக்கும் உவர்நீர் எல்லைக்கும் நடுவே 10 மீட்டர், படுகையின் நீர்கடத்து திறன் நாளுக்கு 10 மீட்டர் என்றால், நாளொன்றுக்கு எடுக்கும் கன மீட்டரை 15.7 ஆல் வகுத்தால் (2 × பை × 10 × 10 × 0.025) எல்லை கடைசியில் எழும் உயரம் கிடைக்கும். இடைவெளியில் கால் பங்குக்கு மேல் எழவிடாமல் இருப்பது பாதுகாப்பு. அதைத் தாண்டிச் சில மீட்டர் போனால் கூம்பு நிலைகுலைந்து நேரே பம்புக்குள் பாயும். கால் பங்கு 2.5 மீட்டர். ஆக நாளுக்கு 39 கன மீட்டர், அதாவது 39,000 லிட்டர். மணிக்கு 15,000 லிட்டர் தள்ளும் பம்பு இதை இரண்டரை மணி நேரத்தில் எடுத்து முடித்துவிடும். மீதி நேரமெல்லாம் ஓட்டினால் உப்புக்கு ஏணி வைக்கிறோம்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் போர்வெல்லை ஆழப்படுத்துகிறார்கள். மேலே சொன்ன கிணற்றை 5 மீட்டர் ஆழப்படுத்தினால் எல்லைக்கும் அடிக்கும் இடைவெளி 5 மீட்டராகக் குறைகிறது. அனுமதிக்கக் கூடிய அளவு பாதியாகக் குறையும் என்று நினைப்பீர்கள். நான்கில் ஒரு பங்காகிவிடும், சுமார் 10 கன மீட்டர். ஏனென்றால் இடைவெளி கணக்கில் இரண்டு முறை வருகிறது.

செய்ய வேண்டியது எதிர்த்திசையில்: ஆழமான ஒரு கிணற்றுக்குப் பதில் ஆழம் குறைந்த நான்கைந்து கிணறுகள், சிறிய பம்புகள், மெதுவான இறைப்பு. மணற்பாங்கான இடத்தில் கோடை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே துளையிட்ட குழாயைப் படுக்கையாகப் பதித்து, சுற்றிலும் சரளை போட்டு, நடுவில் ஒரு சேகரிப்புக் கிணற்றுக்குக் கொண்டுவரலாம்; நீர்மட்டத்தை அகலமாக, ஆனால் மிகக் குறைவாக இழுக்கும். ஏற்கெனவே ஆழமாகத் தோண்டிவிட்ட கிணற்றின் அடிப்பகுதியை பென்டொனைட் களிமண்ணோ சிமெண்ட் கூழோ இட்டு அடைக்கலாம். கைவிடப்பட்ட போர்வெல்களையும் அப்படியே அடைக்க வேண்டும். துருப்பிடித்த கேசிங் குழாய் மேலடுக்கு உப்பைக் கீழடுக்கு நன்னீருக்கு இறக்கிவிடும்.

#12 தீவுக்கேணி

மேலிருந்து வரும் உப்பை யாரும் சொல்லவில்லையே. புயல் அலையும் பெருந்திரையும் கரையைத் தாண்டினால் உவர்நீர் கிணற்று வாய் வழியாகவும் மண் வழியாகவும் இறங்கும். மார்ஷல் தீவுகளின் ரோய்-நமுர் தீவை 2014 மார்ச்சில் அலைகள் மூழ்கடித்ததும் நிலத்தடி நன்னீர் உவர்த்தது. அதை ஆய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு: தாழ்ந்த பவளத்தீவுகள் பலவற்றில், தரை நிரந்தரமாக மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே, அடிக்கடி அலை ஏறுவதால் குடிநீர் தீர்ந்துவிடும். மக்கள் எந்த ஆண்டு வெளியேற வேண்டியிருக்கும் என்பதைத் தீர்மானிக்கப் போவது கிணறு. கடல்மட்ட வரைபடம் மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

வெள்ளம் வடிந்தபின் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். தாழ்வான இடங்களில் தேங்கிய கடல்நீரை முதலில் கடலுக்கே வெட்டி விடுங்கள். அது தேங்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே இறங்குகிறது. பிறகு கிணற்றின் சேறையும் குப்பையையும் அகற்றி, கிணற்றில் உள்ள நீரை ஒரு முறை மெதுவாக இறைத்து, அந்த நீரைக் கிணற்றுக்கு அருகே கொட்டாமல் தொலைவில் விடுங்கள். அதற்குமேல் இறைத்துக்கொண்டே இருக்காதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துக் கழுவியது பெரும் பயன் தரவில்லை. மெல்லிய நன்னீர்ப் படலத்தைக் கலக்கி, கீழிருந்த உவர்நீரையும் இழுத்தது. மழைதான் கழுவியது. கடத்து திறன் தொடர்ந்து இறங்குகிறது என்று தெரிந்தபின் குளோரின் போடலாம். களிமண் தோட்டங்களில் மழைக்கு முன் ஜிப்சம் இடுங்கள், இல்லாவிட்டால் சோடியம் ஏறிய மண் இறுகி மழைநீரை உள்ளே விடாது.

கிணற்றுச் சுவரை வெள்ளக் குறிக்கு மேல் உயர்த்தி மூடியிடுவதும், சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாமல் சாய்வான சிமெண்ட் தளம் போடுவதும் அடுத்த புயலுக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்.

#13 ஊற்று

இவ்வளவு சிரமத்துக்கு நேரடியாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்துவிடலாமே?

#14 சவ்வூடு

வைக்கலாம், கணக்கைத் தெரிந்துகொண்டு. கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் (சவ்வு வழியே நன்னீரைப் பிழிந்தெடுக்க வெல்ல வேண்டிய அழுத்தம்) சுமார் 27 பார்; ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். நடைமுறையில் 55 முதல் 70 பார் வரை தள்ள வேண்டும். கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம். 45 விழுக்காடு நன்னீராக வந்தால், மீதி 55 விழுக்காடு லிட்டருக்கு 63 கிராம் உப்போடு வெளியேறும். அது கனமானது, ஆழமற்ற, ஓட்டமில்லாத குடாவில் விட்டால் கடலடியில் படர்ந்து தங்கும். பரப்பித் தெளிக்கும் குழாய்முனைகளும் நல்ல நீரோட்டமும் இருக்கும் இடத்தில்தான் விடலாம்.

உவர்க்கிணற்று நீருக்கு வைக்கும் சிறிய ஆர்ஓ ஆலைகளில் நடக்கும் கோளாறு வேறு. லிட்டருக்கு 3,000 மி.கி. உப்புள்ள நீரில் 75 விழுக்காடு எடுத்தால் கழிவில் 12,000 இருக்கும். அதன் சவ்வூடுபரவல் அழுத்தம் 9 பார் அளவில். 15 பார் பம்பு சமாளிக்கும். ஆனால் ஆலைக்காகக் கூடுதலாக இறைக்க இறைக்கக் கிணறு 6,000க்கு ஏறுகிறது. கழிவு 24,000, அழுத்தம் 18 பார். கடைசிச் சவ்வுகளில் நீரே வராது, படிவு கட்டும். ஆலை பழுது என்று சவ்வை மாற்றுவார்கள். பழுது கிணற்றில் இருக்கும். அதனால் ஆலையை வடிவமைக்கும்போது இன்றைய உப்பைப்போல் இரு மடங்குக்குத் திட்டமிட்டு, மீட்பு விழுக்காட்டைக் குறைத்து ஓட்ட வழி வைக்க வேண்டும்.

ஆலையின் கழிவை அருகிலேயே உறிஞ்சுகுழியில் விடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது. அதே படுகைக்கு உப்பை நான்கு மடங்காக்கித் திருப்பித் தருகிறோம்.

#15 கடலடி

கடலின் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போகிறது. மேலடுக்கு சூடாகி இலேசாவதால் கீழடுக்கோடு கலப்பது குறைகிறது. சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. 1960க்குப் பின் கடலின் ஆக்சிஜன் 2 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருக்கிறது. உப்பு மிகுந்த கடற்பகுதிகள் இன்னும் உவர்க்கின்றன, மழை மிகுந்த பகுதிகள் இன்னும் நீர்க்கின்றன. நிலத்தில் காணும் வறட்சி–பெருமழை முரண்பாட்டின் முத்திரை கடலின் உப்பிலேயே பதிந்திருக்கிறது.

கரியமில வாயு கரைவதால் மேற்பரப்பு நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் கூடுகிறது) தொழிற்புரட்சிக்கு முன் இருந்த 8.2 அளவிலிருந்து 8.1 அளவுக்கு வந்துவிட்டது. 0.1 என்பது சிறிதாகத் தோன்றும். ஹைட்ரஜன் அயனி 26 விழுக்காடு கூடியதற்குச் சமம். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் சிப்பிக் குஞ்சு பொரிப்பகங்களில் குஞ்சுகள் ஓடு கட்ட முடியாமல் மடிந்தபோது, உள்வரும் நீரை இடைவிடாமல் அளந்து சோடியம் கார்பனேட் சேர்த்துத்தான் மீண்டார்கள். திறந்த கடலில் அப்படிச் சேர்க்க வழியில்லை.

மணற்படுகை சொன்ன "கடலை நோக்கி ஓடும் நன்னீர்" கடலுக்கும் வேண்டியதுதான். கரையோரக் கடலடியில் கசியும் நிலத்தடி நீர் ஊட்டங்களைக் கொண்டுவருகிறது. அதில் உரத்தின் நைட்ரேட் மிகுந்தால் பாசி பெருகி, ஏற்கெனவே மெலிந்த ஆக்சிஜனை இன்னும் குறைக்கும்.

#16 மழைமானி

செறிவூட்டல் பற்றி. எவ்வளவு மட்டம் உயர்த்தினால் போதும் என்று முதலில் கணக்கிடுங்கள். படுகையின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே 30 மீட்டர் என்றால், உவர்நீரை முழுவதும் வெளியே நிறுத்த 30 ÷ 40, அதாவது 0.75 மீட்டர் உயரத்தில் நன்னீர் மட்டம் கரையோரத்தில் நிற்க வேண்டும். கடல் 30 செ.மீ. உயர்ந்தபின் அதே வேலைக்கு இன்றைய அளவுகோலில் 1.05 மீட்டருக்குச் சற்று மேல். நாளைய கடலுக்கு இன்றே இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகரம் மணற்குன்றுகளின் அடியிலிருந்து மிகையாக எடுத்து உவர்நீர் எழும்பிய பின், 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கொண்டுவந்து அந்தக் குன்றுகளில் இறக்குகிறது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 1970களின் நடுவிலிருந்து சுத்திகரித்த கழிவுநீரைக் கரையோரக் கிணறுகளின் வரிசையில் செலுத்தி நன்னீர் வேலி கட்டியிருக்கிறார்கள்.

கெடுவது எங்கே என்றால் அடைப்பில்தான். செறிவூட்டுக் குளத்தின் அடியில் மெல்லிய வண்டல் தோல் படிந்தாலே இறங்கும் வேகம் சரிந்துவிடும். நிரப்புவது, வற்றவிடுவது, காய்ந்து வெடித்தபின் மேல் சில சென்டிமீட்டரைச் சுரண்டி எடுப்பது என்று சுழற்சியாகச் செய்ய வேண்டும். ஈரத்தில் இயந்திரம் இறக்கினால் தோல் உள்ளே அமுங்கும். முன்னால் ஒரு படிவுத் தொட்டி கட்டாயம். செலுத்துக் கிணறுகளில் காற்றுக் குமிழியும் நுண்ணுயிர்ப் படலமும் அடைக்கும் என்பதால் நீர்மட்டத்துக்குக் கீழே வரை குழாயை இறக்கி விட வேண்டும், அவ்வப்போது எதிர்த்திசையில் இறைத்துக் கழுவ வேண்டும்.

இன்னொரு சிக்கல் புத்தகத்தில் படித்தவர்களையும் ஏமாற்றும். உவர்நீர் நின்ற களிமண் கலந்த படுகையில் உப்பே இல்லாத மென்மையான நீரைத் திடீரெனச் செலுத்தினால் களித்துகள்கள் பிரிந்து நகர்ந்து துளைகளை அடைத்துவிடும். கால்சியம் சேர்த்த நீரை முதலில் செலுத்திப் பிறகு படிப்படியாக மாற்றுவது இதற்குத் தீர்வு.

#17 அலைவாய்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. 0.75 மீட்டர், 1.05 மீட்டர் என்று பேசும்போது, அளவீட்டுப் பிழை எவ்வளவு வரை தாங்கும்?

#18 மணற்படுகை

மிகக் குறைவாகத்தான் தாங்கும். நீர்மட்டத்தில் 5 செ.மீ. பிழை என்றால் உவர்நீர் எல்லையில் 2 மீட்டர் பிழை. மூன்று இடங்களில் அது நுழையும்.

ஓதம்: கரையோரக் கிணறுகளின் மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும். ஒற்றை அளவீட்டை நம்பாதீர்கள். மணிக்கு ஒரு முறை வீதம் குறைந்தது 25 மணி நேரம் அளந்து சராசரி எடுங்கள். மூன்று நாள் எடுத்தால் இன்னும் நல்லது.

அடர்த்தி: ஆழத்தில் மட்டும் திறப்புள்ள கண்காணிப்புக் குழாயில் கடல்நீர் நின்றால் மட்டம் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். 20 மீட்டர் கடல்நீர்த் தம்பம் 20.5 மீட்டர் நன்னீர்த் தம்பத்துக்குச் சமம். இந்த அரை மீட்டரைச் சேர்க்காமல் இரண்டு குழாய்களை ஒப்பிட்டால் நீர் ஓடும் திசையையே தலைகீழாக எழுதிவிடுவோம். எனவே குழாயில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் கடத்து திறனை அளந்து அடர்த்தித் திருத்தம் போடுங்கள்.

உயரக் குறி: கிணற்று வாயின் உயரம் பழைய நில அளவைக் கல்லிலிருந்து வந்தது என்றால், நிலம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உலகக் கடல்மட்டம் 2006–2018 காலத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்தது. மிகையாக இறைத்த கழிமுக நகரங்களில் தரையே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. ஜகார்த்தாவின் சில பகுதிகளில் 10 செ.மீ.க்கு மேலும் இறங்கியிருக்கிறது. கல்லும் கிணறும் சேர்ந்து இறங்கினால் பதிவேட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. அருகிலுள்ள ஓதமானியின் அண்மைச் சராசரியோடு கிணற்று வாயின் உயரத்தைத் திரும்ப இணைத்துவிட்டு, அதன்பிறகு 0.75ஐயும் 1.05ஐயும் பேசுங்கள்.